தாத்தா படம் எப்படி மங்கணும்னு முதல்லயே முடிவு பண்ணுங்க

எபிசோடில் பிரிண்டர் பற்றிப் பேசியாச்சு. இங்கே என் கட்சியைச் சொல்றேன்: பழைய கருப்பு-வெள்ளைக் குடும்பப் படங்களைக் கலர் இங்க்ல பிரிண்ட் எடுக்காதீங்க. கார்பன் இங்க்ல எடுங்க.

யாங்கூன் தமிழ் வீடுகளில் இருக்கும் ஸ்டூடியோ படங்களை யோசிச்சுப் பாருங்க. 1964-ல் கடைகள் அரசுடைமையானதும் நிறைய குடும்பங்கள் கப்பல் ஏறின. சொந்தக்காரங்க இங்கே பாதி, தமிழ்நாட்டில் பாதி. பல படங்களுக்கு நெகட்டிவும் கிடையாது. நாம ஸ்கேன் செய்து எடுக்கும் பிரிண்ட்தான் அடுத்த தலைமுறை கையில் இருக்கப்போகிறது.

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர், சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் பெரும்பாலும் சாம்பல் நிறத்தை உண்டாக்கும். முதல் நாள் அருமையா இருக்கும். ஆனா மூன்றும் ஒரே வேகத்தில் மங்காது. ஒன்று முந்திக்கிட்டா பாட்டி முகம் பச்சையடிக்கும், இல்லைன்னா சிவப்படிக்கும்.

கார்பன் வேற ஜாதி. ஓலைச்சுவடியில் கீறிய எழுத்து தெரிய நம்ம ஆட்கள் பூசிய அதே விளக்குக் கரி. பர்மிய ஓலைகளிலும் அதேதான். வெயிலுக்கு லேசில் அசையாது. ஒரே குறை, நீர்த்தால் பழுப்பு தட்டும். நீர்க்காமலும் முடியாது: கெட்டிக் கருப்பை மட்டும் புள்ளிபுள்ளியாத் தெளித்தால் கன்னம் மணல் மாதிரி தெரியும்.

அதுக்கும் வழி இருக்கு. கார்பனோடு சிறிதளவு நீல நிறமி சேர்த்தால் பழுப்பு அடங்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ரோர்க் இந்தக் கலவை முறைகளை எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறார். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளில், எந்தச் சாம்பலுக்கு எந்த இங்க் எவ்வளவு விழணும்னு நாமே அமைக்கலாம். அளவுக் கருவி காட்டும் பூஜ்யத்தை மட்டும் துரத்தாதீங்க. காகிதமே லேசா மஞ்சள்னா, பூஜ்யத்தில் நிற்கும் சாம்பல் கண்ணுக்கு நீலமாத் தெரியும். காகிதத்தின் வெள்ளையோடு ஒட்டிப்போவதுதான் நிஜமான நியூட்ரல். பளிச்சென்று காட்ட வெண்மையூட்டி சேர்த்த காகிதமும் வேண்டாம். அது தேயத் தேய மஞ்சளடிக்கும். பருத்திக் காகிதம் நல்லது.

தொல்லை இல்லாமல் இல்லை. வேறு கம்பெனி இங்க்னா வாரண்டி போகலாம்; கரி அடியில் தங்கும், குலுக்கணும்; சும்மா விட்டா ஹெட் அடைக்கும். டாக்குமெண்ட் எடுக்கிற பிரிண்டரில் இதைச் செய்யாதீங்க.

ஆனாலும் என் ஓட்டு இதுக்குத்தான். கான்ட்ராக்ட் வேலையில் எந்த சிஸ்டம் கட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது விழுந்தா எப்படி விழும்?" கலர் கலவை விழுந்தா முகமே மாறும். கார்பன் கலவையில் முதலில் போவது நீலம்; அது போனா படம் லேசான பழுப்புக்குத் திரும்பும். பழைய ஃபோட்டோ மாதிரி. தாத்தா தாத்தாவாகவே இருப்பார்.

எல்லாப் படத்துக்கும் வேண்டாம். வேற பிரதியே இல்லாத அந்த ஒன்றை மட்டும் இந்த வாரம் தேடி எடுத்து வைங்க.