திறப்புவிழாவும் பேணற்பணியும்

இணையத்தளமொன்றை அமைத்துவிட்டாற் போதும் என்னும் மயக்கம் நம் சங்கங்களிடையே வேரூன்றியுள்ளது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள், நிரலறிவு இல்லாதாரும் தளம் அமைக்க வழிசெய்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், அமைத்தல் எளிதானமையாற் பேணலும் எளிதெனக் கொள்வது பெருந்தவறாகும்.

இம்முறைமையிற் கட்டுரைகள் தரவுத்தளத்திலும், படங்கள் கோப்புறைகளிலும் தனித்தனியே உறைகின்றன. கோப்புறைகளை மட்டும் பிரதிசெய்து வைத்திருப்போர் எழுத்துகளைக் கைவிட்டோரே ஆவர். மென்பொருளையும் செருகுநிரல்களையும் இற்றைப்படுத்தாத தளம் ஊடுருவுவோர்க்குத் திறந்த வாயிலாகும். உரிய காலத்திற் புதுப்பிக்கப்படாத தளப்பெயரோ பிறர் கைக்குப் போய்விடும்.

இத்தனை பொறுப்பையும் 'தொண்டு' என்ற பெயரில் ஒரு மாணவரின் தலையிற் சுமத்துகின்றோம். அவர் பட்டம் பெற்று வெளியேற, கடவுச்சொல்லும் அவருடன் வெளியேறுகின்றது. நிதியில்லை என்பர் சிலர். வேர்ட்பிரஸ் இலவசமாகவே கிடைக்கின்றது. விழா மண்டபத்துக்கும் மலர்மாலைக்கும் நிதி எங்கிருந்து வந்தது?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமையை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், நம் எழுத்துகளை நம் அசட்டையால் அழியவிடுவது எவ்வகையில் நியாயம்? தளத்தின் பொறுப்பு தனியொருவரிடமன்றிச் செயற்குழுவிடம் இருத்தல் வேண்டும்; கணக்கறிக்கையைப் போலவே கடவுச்சொல்லும் காப்புப்பிரதியும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் புதிய செயற்குழுவிடம் கையளிக்கப்படல் வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாத சங்கம் தளம் தொடங்காதிருப்பதே நன்று.