கோயில் தரைக்கு ஆசிட் வேண்டாம், வீட்டுத் தரைக்கும் வேண்டாம்

சிகாமட்டில் நம்ம கோயில் துப்புரவுக் குழுவில் இருக்கிற நாங்கள் எழுதுறோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனா நம்ம அம்மாமார், பிள்ளைங்க உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

போன ஆடித் திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி கோத்தோங் ரோயோங் வச்சோம். விளக்கேற்றும் இடத்துல டைல்ஸ் பளிச்சுன்னு இருக்கு, டைல்ஸுக்கு நடுவுல ஓடுற சிமெண்ட் கோடு மட்டும் கன்னங்கரேல்னு எண்ணெய் குடிச்சுக் கிடக்கு. எங்களில் ஒருத்தர் ஆசிட் ஊத்தினார். சரியா போகலை. அது தெரியாம இன்னொருத்தர் அதே இடத்துல கிளாராக்ஸ் ஊத்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகலை, கீழே குந்தித் தேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு அக்காவுக்குக் கண்ணெரிச்சல், மூச்சு முட்டல், இருமல். வெளியே கூட்டிட்டு வந்து, கிளினிக்குக்கு ஓடினோம். அம்மன் புண்ணியத்துல அவங்க தேறிட்டாங்க. ஆனா ஒரு வாரம் இருமினாங்க. அந்தத் தப்பு முழுக்க எங்களுடையது. யாரும் யாரையும் கேட்காம, அவசரத்துல செஞ்ச தப்பு.

அன்னைக்கு அங்கே வந்தது குளோரின் வாயு. ஆசிட்டும் குளோரின் பிளீச்சும் சேர்ந்தால் இது உண்டாகும். 1915 ஏப்ரல் 22-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தில் ஈப்பர் ஊருக்குப் பக்கத்தில் எதிரிப் படைமேல் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். இது காற்றைவிடக் கனமானது. அதனால் தரையோடு படிந்து நிற்கும். நின்னுக்கிட்டு ஊத்துறவருக்குக் குறைவா வரலாம். உட்கார்ந்து தேய்க்கிறவங்க மூக்குக்குத்தான் அதிகமா போகும். நம்ம கோயில்ல உட்கார்ந்து தேய்க்கிறது யாருன்னு உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் அம்மாமாரும் அக்காமாரும்தான். கழிவறை கழுவுற பாட்டில்கள் பலவற்றிலும் ஆசிட் இருக்கு. அதனால வீட்டுக் குளியலறையிலும் இதே ஆபத்து உண்டு.

சரி, கலக்காம ஆசிட் மட்டும் ஊத்தலாமா? அதுவும் வேண்டாம்னுதான் எங்கள் கருத்து. டைல்ஸ் இடுக்கில் இருக்கிறது சிமெண்ட். ஆசிட் சிமெண்டைத் தின்னும். ஊத்தினதும் நுரை பொங்குதே, அதைப் பார்த்து அழுக்கு கழலுதுன்னு நினைக்கிறோம். உண்மையில் கரைஞ்சு போறது சிமெண்டும்தான். மேல் தோல் போனதும் புதுசு மாதிரி வெளுப்பாத் தெரியும். ஆனா உள்ளே சொரசொரப்பாகி, நுண்ணிய ஓட்டைகள் பெருசாகி, அடுத்த தடவை எண்ணெயை இன்னும் வேகமா குடிக்கும். மூணு மாசத்துல முன்னைவிடக் கறுப்பு. மறுபடி ஆசிட். இப்படியே போனா இடுக்கு பள்ளமாகி, தண்ணி இறங்கி, டைல்ஸ் ஆட்டம் கொடுக்கும். பக்கத்துல பளிங்குக் கல் இருந்தா அதன் பளபளப்பும் போயிடும். எலுமிச்சையும் வினிகரும் இதே வேலையை மெதுவாச் செய்யும்.

சிகாமட்காரங்களுக்கு இதுல தனிப் பாடம் இருக்கு. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் வெள்ளங்களை நாம மறக்கலை. தண்ணி வடிஞ்சதும் சேறு டைல்ஸ் மேல இருந்து சுலபமா போயிடும், இடுக்குல மட்டும் செம்மண் நிறமா நிக்கும். பார்க்கப் பொறுக்காம ஆசிட் ஊத்தின வீடுகள் நம்மிடையே நிறைய. அந்த நிறம் பெரும்பாலும் நுண்மண்தான். சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தாலே போதும்.

எங்கள் குழு இப்போ செய்யுற முறையைச் சொல்றோம். வீட்டு சாமி ரூமுக்கும் சமையலறைக்கும் இதே முறைதான்.

முதல்ல எண்ணெயை எடுக்கணும். எண்ணெய் மேல பிளீச் ஊத்தினா வேலை செய்யாது. பழைய பிளாஸ்டிக் அட்டையால பிசுக்கைச் சுரண்டி, சுடுதண்ணியில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு, சின்ன பிரஷ்ஷால தேய்க்கணும். பிறகு துணியால ஒத்தி எடுக்கணும். மோப் மட்டும் போட்டா அழுக்குத் தண்ணி மறுபடி இடுக்குலதான் போய்த் தங்கும், ஏன்னா தரையிலேயே தாழ்ந்த இடம் அதுதான். கற்பூரக் கரியும் இதே முறையில்தான் போகும்.

அடுத்து, ஆப்ப சோடாவைத் தண்ணி விட்டுக் குழைச்சு இடுக்குல பூசித் தேய்க்கலாம். வாட்ஸாப்பில் வர்ற மாதிரி அதோட வினிகர் சேர்க்காதீங்க. ஒண்ணு மற்றதன் வேலையைக் கெடுக்கும். நுரை மட்டும்தான் மிச்சம்.

மஞ்சள் கறை தனி. சோடாவோ சோப்போ பட்டதும் சிவப்பாகும், பயப்படாதீங்க. ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்குதே, அதேதான். துணி துவைக்கிற ஆக்ஸிஜன் பிளீச் பொடியைச் சுடுதண்ணியில் கரைச்சு, கால் மணி நேரம் ஊற வச்சுக் கழுவினா நல்லா மங்கும். கலர் சிமெண்டா இருந்தா முதல்ல ஒரு மூலையில சோதிச்சுப் பாருங்க. வெயில் படுற இடமா இருந்தா மஞ்சள் தானாகவே வெளுக்கும்.

நம்ம ஊர் ஈரத்துக்கு வர்ற கறுப்புப் பூஞ்சைக்கு மட்டும் கிளாராக்ஸ், அதுவும் பாட்டில்ல போட்டிருக்கிற அளவுல தண்ணி கலந்து, கையுறை போட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வச்சு. அதோட வேற எதையும் சேர்க்கக் கூடாது. தவறிக் கலந்துட்டா நின்னு கழுவப் பார்க்காதீங்க. எல்லாரும் உடனே வெளியே வாங்க. கண்ணை நிறைய தண்ணியில கழுவுங்க. மூச்சுத் திணறினா 999-க்கு அழையுங்க.

இப்போ சில அன்பர்கள், "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? புது டைல்ஸ் உபயமா போட்டுத் தர்றோம்"னு சொல்றாங்க. அவங்க மனசுக்கு நன்றி. ஆனா புது டைல்ஸுக்கு நடுவுலயும் சிமெண்ட் கோடு இருக்கும். நம்ம பழக்கம் மாறலைன்னா அதுவும் கறுக்கும். கெட்டுப்போன இடுக்கை மட்டும் சுரண்டி எடுத்துட்டு, விளக்கேற்றும் இடத்துல எண்ணெய் உறிஞ்சாத எப்பாக்ஸி கலவை அடைச்சா போதும். மற்ற இடத்துல நல்லா காய்ஞ்ச பிறகு சீலர் பூசலாம். உபயம் செய்ய நினைக்கிறவங்க இதுக்குக் கொடுங்க.

பக்தர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூணுதான். விளக்கைத் தட்டு மேல வச்சு ஏத்துங்க, தரையில வைக்காதீங்க. கையில மிஞ்சின திருநீறு, குங்குமத்தைத் தூணிலும் தரையிலும் தட்டாம, அதுக்குன்னு வச்ச கிண்ணத்துல போடுங்க. எண்ணெய் சிந்தினா அப்பவே துடைங்க, ஒரு துண்டுத் துணி போதும். நேத்து சிந்தின எண்ணெய் அரை மணி வேலை, இப்போ சிந்தினது அரை நிமிஷ வேலை.

திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்தார். தம்பி அப்பர் பெருமான் உழவாரப்படையைக் கையிலெடுத்தார். தரையைச் சுத்தம் செய்றதை நம்ம சமயம் சின்ன வேலையா வைக்கவே இல்லை. அதைத் திருவிழாவுக்கு முதல் நாள் ஒரு பாட்டில்ல முடிக்கிற வேலையா ஆக்கினது நாமதான்.

அதனால இனி எங்கள் குழு கோயிலுக்குள்ள ஆசிட் கொண்டு வர்றதில்லைன்னு முடிவு செஞ்சிருக்கோம். அதுக்குப் பதிலா ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயரட்சை பூஜைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பிரஷ் வேலை. அந்த அக்காவும் வர்றாங்க. நீங்களும் பழைய டூத் பிரஷ் ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க. நம்ம பிள்ளைங்க வெறுங்காலோட நடக்கிற தரை இது.