தபாலில் வந்த தீபாவளி

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே நமது தெருவில் கூரியர்ப் பையன்களின் வண்டிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. பட்டாசுச் சத்தத்தை இப்போதெல்லாம் அது முந்திக்கொள்கிறது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கடலுக்கு அப்பாலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் கைபேசியை நாலு தடவை தடவினால் போதும். ஊரிலுள்ள தாயார் வீட்டு வாசலில் பக்ஷணப் பெட்டி வந்து இறங்கிவிடுகிறது. இதைப் பரிகசிப்பது நம் நோக்கமன்று. 2020-ம் வருஷத்துத் தீபாவளியின்போது, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊர் திரும்பாதிருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் வீட்டுக்குள் நுழைய வழியாக இருந்தது.

ஏற்பாடும் புதிதன்று. நம் நாட்டுத் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது 1877-ல். சரக்கு வீட்டு வாசலுக்கு வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால், லேகியமும் தைலமும் கடிகாரமும் அவ்வழியே ஊர் ஊராகப் பிரயாணம் செய்த கதை தெரியவரும். ஆனால் அன்று தருவித்தவர்தாம் உபயோகித்தவரும். இன்றோ தருவிப்பவர் ஒருவர், தின்பவர் வேறொருவர். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

நமது அடுத்த வீட்டில் ஒரு பாட்டி தனியே வசிக்கிறார். வயது எழுபத்தெட்டு. பிள்ளைகள் மூவர், மூன்று திக்கில் இருக்கிறார்கள். சென்ற தீபாவளிக்கு, ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல், மூவருமே ஆளுக்கொரு கிலோ முந்திரி பர்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டிக்குப் பதினைந்து வருஷமாக நீரிழிவு! மூன்று பெட்டிகளையும் ஊஞ்சற் பலகையில் வரிசையாக வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, இதில் பெரியவன் அனுப்பினது எது, சின்னவன் அனுப்பினது எது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கடையின் பெயர் பொன்னெழுத்தில் மின்னிற்று. பாட்டியின் விலாசமும் சரியாகவே இருந்தது. அனுப்பியவர் பெயரைத்தான் காணோம். ஒரு பெட்டிக்குள் மட்டும் ரசீது அகப்பட்டது. அதில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலேயே விலையும் அச்சாகியிருந்தது. பாட்டி அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து, சுவாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தார். பர்பி தெருக் குழந்தைகளுக்குப் போயிற்று. அவர்களுக்குக் கொண்டாட்டந்தான்.

அடுத்த வாரம் பாட்டி மூன்று தகரடப்பாக்களுடன் நம் வீட்டுக்கு வந்தார், விலாசம் எழுதித் தரச் சொல்லி. மூன்றிலும் அவர் கையால் பிழிந்த தேங்குழல். "தபால் கூலி தேங்குழலின் விலையைத் தாண்டிவிடுமே, பாட்டி!" என்றோம். காது கேளாதவர்போல் இருந்துவிட்டார். பிறகு, "டப்பாவை மாற்றி எழுதிவிடாதீர்கள், எள் போட்டது பெரியவனுக்கு. நடுவில் உள்ளவனுக்கு ரத்தக் கொதிப்பு; அதில் உப்பைக் குறைத்திருக்கிறேன். மிளகு இடித்துப் போட்டது கடைக்குட்டிக்கு" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

பிறரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு டில்லியிலுள்ள நம் தங்கைக்கு ஒரு வியாபாரியின் மூலம் பால்கோவா அனுப்பினோம். பண்டிகைக் கூட்ட நெரிசலில் பெட்டி எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. தங்கை தொலைபேசியில், "பிரமாதம், அண்ணா!" என்றாள். நாமும் பூரித்துப்போனோம். மறு வருஷம் மே மாத விடுமுறைக்கு வந்தபோது அவளுடைய பெண் நம் காதோடு, "மாமா, அதிலே பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள்" என்றது. தங்கை அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

தவறு பால்கோவாவின்மேல் இல்லை. பாலை எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் அதில் ஓரளவு ஈரம் தங்கத்தான் செய்யும். ஈரம் உள்ள இடத்தில் பூசணத்துக்கு விருந்து. கடலைமிட்டாய்க்கு வைக்கும் வெல்லப் பாகு, தண்ணீரில் விட்டெடுத்தால் 'டக்'கென்று ஒடிகிற பதம் வரை காய்கிறது. அதில் பூசணம் பிழைக்க வழியில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் தண்ணீரே சேர்ப்பதில்லை. முறுக்குக்கும் தேங்குழலுக்கும் விரோதி காற்று. காற்றுப் பட்டால் எண்ணெய் காறிப்போகும். பாட்டி தகரடப்பாவின் மூடியைச் சுற்றித் துணி கட்டியது வீண் சிரமமல்ல. தூரதேசத்துக்கு அனுப்புகிறவர்கள், பெட்டி புறப்பட்ட தேதியை விட்டுவிட்டுப் பண்டம் செய்த தேதியிலிருந்து நாட்களை எண்ண வேண்டும். கடையில் தட்டில் பரப்பி விற்கும் இனிப்புக்குக்கூட, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதிவைக்கும்படி 2020 அக்டோபர் முதல் சட்டமே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

எங்கே செய்தது என்பதையும் கேட்கலாம். 1905-ல் சுதேசி இயக்கம் பரவியபோது நம் முன்னோர் துணிக் கடையில் கேட்ட கேள்விதான் இது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்த வட்டாரத்தில் செய்யாத சரக்கின்மேல் அந்த ஊரின் பெயரை ஒட்டி விற்கக்கூடாது என்பது அதன் தாத்பரியம். அப்படியிருந்தும், எந்த ஊர் அடுப்பில் வெந்ததென்றே தெரியாத பண்டத்தை மினுமினுக்கும் பெட்டிக்காக இரட்டை விலை கொடுத்து வாங்குகிறோம்! அந்தப் பணம் கோவில்பட்டியில் பாகு காய்ச்சுகிறவர் கைக்குப் போனால் அங்கேயும் ஒரு வீட்டில் தீபாவளி நடக்குமே.

பாட்டியின் மூத்த பிள்ளை இவ்வருஷம் முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மாவுக்கு என்ன அனுப்பலாம், சார்?" என்று நம்மையே கேட்டார். "அம்மாவையே கேளுங்களேன்" என்றோம். கேட்டிருக்கிறார். தீபாவளி மருந்து போதும் என்றாராம் பாட்டி. சுக்கும் திப்பிலியும் இடிக்க இப்போது கையில் பலம் இல்லையாம்.

நாமும் புத்தி வந்து தங்கையைக் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "பொருள்விளங்காய் உருண்டை, அண்ணா. அம்மா செய்வாளே, சுவரில் எறிந்தாலும் உடையாதே, அது" என்றாள். எட்டு நாள் என்ன, பதினெட்டு நாளானாலும் அதற்கு ஒன்றும் நேராது. பயறும் அரிசியும் வறுத்து அரைத்தாகிவிட்டது. பாகின் பதந்தான் இரண்டு தடவை தப்பிவிட்டது. அடுத்த வீட்டுப் பாட்டி நாளைக் காலையில் வந்து பக்கத்தில் நின்று சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.