யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பதா?

வீட்டில் பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கம்ப்யூட்டர் வேண்டுமாம். சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. விளையாட்டு ஓடுகிற 'கேமிங்' கம்ப்யூட்டர்!

"என்னலே, விளையாடுறதுக்கு 40 ஆயிரமா?" என்று அப்பா எகிறுகிறார். "படிக்கவும் ஆகும்லா, வாங்கிக் குடுங்க" என்று அம்மா சிபாரிசு செய்கிறார். கடைசியில் சீட்டுப் பணமோ, நகை அடகோ, எப்படியோ பணம் புரண்டுவிடுகிறது.

இது வாசுதேவநல்லூர்க் கதை மட்டும் இல்லை. புளியங்குடி, சிவகிரி, சங்கரன்கோவில் என்று எந்த ஊர்த் தெருவுக்குப் போனாலும் இதே பேச்சுத்தான்.

பணம் புரட்டுவது ஒரு பாடு. புரட்டிய பணத்தை எதில் போடுவது என்பது இன்னொரு பாடு. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கலர் விளக்கு மயக்கம்!

கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று சுற்றுகிற ஃபேன்கள். கோவில் திருவிழா சீரியல் செட் தோற்றது! பையன் அங்கேயே விழுந்துவிடுகிறான்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியை எடுத்தா எஸ்.எம்.பி.எஸ். சும்மா வருது" என்கிறார் கடைக்காரர். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு சாமான் ஓசியில் கிடைத்துவிட்டதே!

அந்த ஓசிச் சாமான்தான் பின்னால் உலை வைக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். என்பது என்ன? சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பிராசசர், மதர் போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்று உள்ளே இருக்கும் அத்தனைக்கும் சோறு போடுவது இதுதான்.

சமையற்கட்டில் கோளாறு என்றால் பந்தியில் இருப்பவர்கள் வயிறுதானே கெடும்? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போவதில்லை. பல சமயம் மதர் போர்டையும் கூட்டிக்கொண்டு போகிறது.

யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம். 40 ஆயிரத்துக்குக் கம்ப்யூட்டர். அதைக் காப்பாற்றும் பெட்டிக்கு 500 ரூபாய்!

லேபிளைப் படியுங்கள்!

இதில் ஏமாறாமல் இருக்க எஞ்சினீயர் படிப்பு வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் '450' என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள்.

16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட். அவ்வளவுதான் சரக்கு! விளையாட்டு ஓடும்போது பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. 450 என்று நினைத்து வாங்கியவர் கையில் கிடைத்தது பாதி கூட இல்லை.

'80 பிளஸ்' முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனி சாமானாக வாங்கினால் 3 ஆயிரம் ரூபாயைத் தாண்டலாம். தாண்டட்டும். கலர் ஃபேனில் அதை மிச்சம் பிடியுங்கள்.

தொட்டால் சுருக்கென்கிறதா?

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். "லேசாத்தான் அடிக்குது" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

விடக்கூடாது! வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை, அல்லது அறுந்து போயிருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். மூன்று பின் பிளக்கில் நடுப் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின்னில் சொருகுகிற கெட்டிக்காரத்தனம் இன்னும் போகவில்லை. வயரிங் ஆளைக் கூப்பிட்டு முதலில் எர்த்தைச் சரி பாருங்கள். இதில் சிக்கனம் என்பது உயிரோடு விளையாடுவது.

வாசுதேவநல்லூர் மலையடிவார ஊர். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் கேட்க வேண்டியதில்லை. மேகம் கட்டும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். அந்த வழியாகவும் மின்னல் வரும்.

அந்தக் காலத்தில் டி.வி. வாங்கியவர்கள் கூடவே ஸ்டெபிலைசரும் வாங்கினார்கள். அந்தப் புத்தி இப்போது எங்கே போயிற்று?

எதை முதலில்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? வீடு கட்டுகிறவர் முதலில் அஸ்திவாரம் போடுகிறார், மாடி பிறகு. கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

கிராஃபிக்ஸ் உள்ளுக்குள்ளேயே உள்ள பிராசசர்கள் கிடைக்கின்றன. 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி அந்த வகை. 'வேலரண்ட்' போன்ற இலவச விளையாட்டுகள் தனிக் கார்டு இல்லாமலே இதில் ஓடும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, கையில் காசு சேர்ந்தபின் கார்டு போட்டுக்கொள்ளலாம்.

ரேம் வாங்கும்போது 16 ஜிபி ஒரே துண்டாக வேண்டாம். 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓட்டுகிறது. இரண்டு துண்டு என்றால் இரண்டு வாசல். சரக்கு வேகமாகப் போய் வரும்.

2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுவதும் எகிறியது. ஏ.ஐ. கம்பெனிகள் வாங்கிக் குவித்ததால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 'குரூஷியல்' என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே பழைய கம்ப்யூட்டரில் உள்ள நல்ல ரேமைக் கழித்துக்கட்டாதீர்கள். புது போர்டுக்கும் அது பொருந்துமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மதர் போர்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இதில் பின்னால் வேறு பிராசசர் போட முடியுமா?" ஏ.எம்.டி.யின் 'ஏ.எம்.4' போர்டு இதற்கு நல்ல உதாரணம். 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில், உள்ளே இருக்கும் 'பயாஸ்' புரோகிராமை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த பிராசசரைப் போட முடிந்தது. போர்டு அதே, வேகம் புதுசு! சிக்கனம் என்றால் இதுதான்.

ரிச்சி தெரு வரை போகலாமா?

சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலையில் சென்னை. மவுண்ட் ரோடு பக்கத்தில் ரிச்சி தெரு. ரேடியோ சாமான்களில் ஆரம்பித்த அந்தத் தெருவில் இன்று கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. புதுசும் உண்டு, பழசும் உண்டு.

ஆபீஸ்களில் கழித்த பழைய கம்ப்யூட்டர் மலிவுதான். ஒரு எஸ்.எஸ்.டி. போட்டாலே குதிரை மாதிரி ஓடும். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை முறைப்படி ஏறாது.

இரண்டு: பழைய கிராஃபிக்ஸ் கார்டு. அரதப் பழசான கார்டில் புதுப் பெயரை ஏற்றி, 'ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ' என்று தலையில் கட்டுகிற மோசடி உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. ஓட்டிக் காட்டாமல் பழைய கார்டுக்குக் காசு கொடுக்கக் கூடாது. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா?

படுத்துக்கொண்டால்?

ஃபேன் சுற்றுகிறது, திரையில் படம் இல்லை. உடனே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போக வேண்டாம்.

முதலில் மானிட்டர் ஒயரைப் பாருங்கள். தனிக் கார்டு போட்டபின் ஒயரைக் கார்டில் சொருகாமல் போர்டிலேயே சொருகியிருப்பார்கள். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும்!

அடுத்தது ரேம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

தேதியும் நேரமும் தினம் மாறிப்போகிறதா? போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சில்லறைக் காசு வேலை.

விளையாடிக் கொஞ்ச நேரத்தில் திணறுகிறதா? சூடு. தூசியைத் தட்டுங்கள், பிராசசர் மேல் உள்ள பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். பெரிய விளையாட்டு போட்டால் மட்டும் பட்டென்று அணைந்து போகிறதா? மறுபடி அந்த எஸ்.எம்.பி.எஸ். மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் வரை தங்கியிருக்கும்.

கரண்ட் பில் கணக்கு

கார்டு போட்ட கம்ப்யூட்டர் விளையாட்டில் 300 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் 5 மணி நேரம் என்றால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்தில் 90 யூனிட்!

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்தது. அந்த 100-ல் 90-ஐ ஒரு பெட்டியே விழுங்கும். பையனுக்கு இந்தக் கணக்கைக் காட்டிவிட்டு நேரத்தைக் குறையுங்கள். திட்டினால் கேட்காதவன் கணக்குக்குக் கட்டுப்படுவான்.

பில் எங்கே?

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

'கம்ப்யூட்டர் ஒரு செட்' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நியாயமா? பில்லில் ஒவ்வொரு சாமானும், கம்பெனி பெயரும், சீரியல் நம்பரும் தனித்தனியாக வர வேண்டும். முக்கியமாக எஸ்.எம்.பி.எஸ். என்ன கம்பெனி, எத்தனை வாட் என்று எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிற சாமானை விற்பானேன்?

வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "பில் இல்லாமப் போடுங்க அண்ணாச்சி" என்று 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிராசசருக்கும் போர்டுக்கும் பெரும்பாலும் மூன்று வருஷ வாரண்டி உண்டு. பில் இல்லாதவருக்கு அந்த மூன்று வருஷமும் போச்சு!

பில் இருந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. 1915 என்ற நம்பருக்கு போன் செய்தும் புகார் சொல்லலாம்.

அப்பாமார்கள் பயப்பட வேண்டாம்

"விளையாட்டு என்றால் சூதாட்டம்தானே?" என்று சில பெற்றோர் நடுங்குகிறார்கள். இரண்டும் வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வந்தது. அதே சட்டம் 'இ-ஸ்போர்ட்ஸ்' போட்டி விளையாட்டை அங்கீகரிக்கிறது.

ஒரு காலத்தில் ரேடியோவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த பையன்களில் எத்தனையோ பேர் பின்னால் ரிப்பேர் கடை வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்று ஸ்க்ரூ டிரைவரோடு கம்ப்யூட்டர் முன் உட்காரும் பையனும் அந்த ஜாதிதான். அவனையே லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். அவனையே பூட்டச் சொல்லுங்கள். ரெடிமேடாக வாங்கிக் கொடுத்தால் விளையாட்டு மட்டும்தான் மிஞ்சும். பூட்டக் கற்றுக்கொண்டால் கைத்தொழில் ஒன்றும் சேர்ந்து வரும்.

அடகு வைத்த நகை வீடு திரும்ப வருஷம் ஆகலாம். அதுவரைக்குமாவது அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்க வேண்டாமா? கடைக்குப் போகிறவர்கள் கலர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, முதலில் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைக் காட்டச் சொல்லட்டும்!