நீக்கும் அதிகாரம் யாருடையது?

செங்கற்பட்டுச் சுற்றுவட்டாரத்திலும், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களிலும், தேர்தல் பருவம் வந்துவிட்டால் ஜனங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வோட்டுக்குப் பணம் பாய்கிறதென்று தேர்தல் கமிஷனுக்கே தெரிந்த பின்பும், அதற்குக் காரணமான அபேட்சகரை விலக்காமல் தேர்தலையே நிறுத்துவானேன்? 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் பார்லிமெண்ட் தேர்தலும் அவ்விதமே ரத்தாயின. மறுபடி நடந்தபோது பழைய அபேட்சகர்கள் நிற்பதற்குத் தடையேதும் இருக்கவில்லை.

கேள்வி நியாயமானதே. ஆனால் அரசியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவு கமிஷனுக்கு அளித்துள்ள விசாலமான அதிகாரம், சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் செல்லுமேயன்றி, சட்டம் வாய் திறந்து பேசியிருக்கும் இடத்தில் அதைத் தாண்டிச் செல்லாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977-ஆம் வருஷமே சுப்ரீம் கோர்ட் வரம்பு கட்டிவிட்டது. யார் நிற்கலாகாது என்பதைப் பற்றியோ சட்டம் விஸ்தாரமாகவே பேசியிருக்கிறது. அதன்படி, லஞ்சம் கொடுத்தது நியாயஸ்தலத்தில் ருஜுவான பிறகே தகுதி பறிபோகும். அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ப்பது தங்களாலும் ஆகாது, அது பார்லிமெண்டின் வேலை என்று 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகளே கைவிரித்துவிட்ட பின், கமிஷனைக் குறை சொல்லிப் பயனென்ன?

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் சபையார் கல்லில் வெட்டிவைத்த வியவஸ்தைகளின்படி, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடவோலைக்கு எழுதப்படலாகாது. நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமண ஆடவருக்கு மட்டுமே இடமளித்த அச்சபையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் கொண்டாடுவது நமக்குச் சம்மதமில்லை. ஆயினும் விலக்கப்படுவோர் யார் யார் என்பதைச் சபை முன்கூட்டியே வகுத்து வைத்ததேயன்றி, ஓலையெடுக்கும் வேளையில் எவர் இஷ்டத்துக்கும் விட்டுவிடவில்லை.

கணக்கு விஷயத்தில் இன்றைய சட்டமும் அதே கண்டிப்பையே கொண்டிருக்கிறது. முடிவு வெளியான 30 நாளுக்குள் செலவுக் கணக்கை முறைப்படி ஒப்புவிக்காதவரை, தக்க காரணம் இல்லையெனில், மூன்று வருஷ காலம் விலக்கிவைக்கக் கமிஷனுக்கே அதிகாரமுண்டு. கணக்கு மெய்யா பொய்யா என்று துருவிப் பார்க்கவும் உரிமையுண்டென்று 2014-இல் அசோக் சவாண் வழக்கில் தீர்ப்பாயிற்று. கையில் உள்ள இந்த ஆயுதத்தைத் தயக்கமின்றிப் பிரயோகித்துவிட்டல்லவா கமிஷன் வேறொன்று கேட்க வேண்டும்?

2001-இல் ஜெயலலிதாவின் நான்கு வேட்பு மனுக்களும் தள்ளுபடியானபோது, கமிஷன் அவரை நீக்கிவிட்டதாகவே பலரும் பேசினார்கள். உண்மையில் அவை டான்சி நில வழக்கின் தண்டனையாலும், இரு தொகுதிகளுக்கு மேல் மனுச் செய்யலாகாது என்ற விதியாலும் விழுந்தன. அவ்வருஷ இறுதியில் ஹைகோர்ட் அவரை விடுவித்ததும், தண்டனையோடு வந்த தடை தண்டனையோடே போயிற்று.

நம்மை உறுத்துவது வேறொன்று. தகுதியுள்ளவரின் மனுவைத் தேர்தல் அதிகாரி தவறாகத் தள்ளிவிட்டால் அவருக்கு என்ன கதி? முதல் பொதுத்தேர்தலின்போது நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட என்.பி. பொன்னுசாமிக்கு 1952 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அளித்த விடை, தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் வழக்குத் தொடரலாம், இடையில் ரிட் மனு செல்லாது என்பதே. தேர்தல் தடைபடலாகாது என்ற வரையில் அது விவேகமான தீர்ப்புத்தான். ஆனால் ஆறு மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்லியும், 2016-இல் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிவான ராதாபுரம் தேர்தலின் வழக்கு, 2021-இல் அந்தச் சட்டசபையின் ஆயுள் தீரும்வரையில் தீரவில்லை. அந்த ஆறு மாதத்தை வெறும் முயற்சியாக விடாமல் கட்டாயமாக்கும்படி பார்லிமெண்டில் கோர, செங்கற்பட்டும் திருப்போரூரும் உத்திரமேரூரும் அடங்கிய காஞ்சிபுரம் தொகுதியின் பிரதிநிதியே முன்வரலாம்.