கூண்டுக்கு அளவு எது?



ஆண்டு மலர் என்றால் லட்சியம், இளைஞர் எழுச்சி என்று எழுதுவதுதான் வழக்கம். நான் ஒரு கூண்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

போன விடுமுறையில், எட்டாவது படிக்கும் என் சித்தப்பா மகன் ஒரு உடும்புக் குட்டியைப் பிடித்து வந்தான். பாறையும் பொட்டலுமான எங்க குளத்தூர்ப் பக்கம் உடும்பு புதிதில்லை. குட்டி ஒரு சாண்தான் இருக்கும். "அண்ணே, நீ மெக்கானிக்கல்தானே? ரெண்டடிக்கு ஒரு அடியில கூண்டு செஞ்சு குடுண்ணே" என்றான். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிப்பவன் நான். "படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்று கேட்டவர்கள் முன்னால் என் படிப்புக்கு வந்த முதல் ஆர்டர்! உடனே டிராயிங் ஷீட்டை விரித்தேன்.

அளவு போடும்போதுதான் உதைத்தது. அளவு எதற்கு? இன்றைய குட்டிக்கா, நாளைய உடும்புக்கா? நன்கு வளர்ந்த உடும்பு வால் நுனிவரை 175 செ.மீ. வரும். குட்டி 20 செ.மீ. என்றால் ஏறக்குறைய 9 மடங்கு. நீளமும் அகலமும் 9 மடங்கானால் தரைப்பரப்பு 81 மடங்கு. 2 சதுர அடிக் கூண்டு 162 சதுர அடி ஆகிறது. எங்க வீட்டுக் கூடமே அவ்வளவு வராது!

"சின்னதுக்குச் சின்னக் கூண்டு போதும், பெரிசுல பயந்துக்கும்" என்பார்கள். பாதிதான் உண்மை. ஒளிய இடமில்லாத வெறுங்கூண்டில்தான் பயம். நாலு ஓடும் மரப்பட்டையும் போட்டால் அது தீர்ந்துவிடும். சின்னப் பெட்டியின் ஆபத்துதான் பெரிது. பல்லி இனம் நம்மைப் போல் உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்துதான் சரிசெய்யும். சின்னப் பெட்டியில் எல்லாப் பக்கமும் ஒரே சூடு, எங்கே நகரும்? கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் உள்ளேயே வெந்துபோகும். எலும்பு உறுதிக்குத் தேவையான புற ஊதாக் கதிரையும் கண்ணாடி தடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ வளர்த்தாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆக, உடும்புக்குச் சரியான கூண்டு அளவு பூஜ்யம்!

அன்று சாயங்காலமே பிடித்த இடத்தில் கொண்டுபோய் விட்டோம். தம்பி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"உடும்பு வேணாம், இகுவானா வாங்கிக்குறேன்" என்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கைக்குள் அடங்குகிற பச்சைக் குட்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். மரமேறி என்பதால் அகலத்தோடு உயரமும் வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவும் செய்ய வேண்டும். அதன் முழு வளர்ச்சிக்கு இடமிருக்கிறதா என்று முதலில் வீட்டை டேப் வைத்து அளந்து பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். வளர்ந்தபின் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வருவது அதைவிடப் பாவம்.

நண்பர்களே, நானும் தவறு செய்தேன். கூண்டு தேவையா என்று கேட்கும் முன்பே கோடு போட உட்கார்ந்துவிட்டேன். நாளை நாம் எத்தனையோ டிராயிங் போடப் போகிறோம். உள்ளே இருக்கப் போகும் உயிர் எவ்வளவு வளரும் என்று முதலில் கேட்போம். அதன் பிறகு ஸ்கேலை எடுப்போம்!