உருளும் குண்டுக்கு ரப்பர்க் காவல்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "எங்கள் கிரைண்டர் கரகரவென்று கத்துகிறது. பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் ரிப்பேர்காரர். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதாதா? ஏமாற்றுகிறாரோ?"

சந்தேகம் நியாயந்தான். ஆனால் இங்கே எண்ணெய் உதவாது, அம்மா.

ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். 1955-ல் கோயம்புத்தூர் பி. சபாபதி உருவாக்கிய கிரைண்டர் வந்த பிறகு முறை தலைகீழாயிற்று. கல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லின் பாரத்தையும் பெல்ட்டின் இழுப்பையும் தாங்கிக்கொண்டு, தண்டு இலகுவாகச் சுழல வழிவிடுவது பேரிங்தான்.

இரண்டு எஃகு வளையங்கள்; நடுவே குண்டுகள். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிரைண்டர் பேரிங்கில் அந்த வேலை இல்லை. ஆலையிலேயே கிரீஸ் வைத்து, இரு பக்கமும் ரப்பர் மூடி போட்டுவிடுகிறார்கள். ஆயுளுக்கும் அதுதான்.

இந்த மூடியை அமைப்பதில்தான் சாமர்த்தியம். ரப்பரின் உதடு உள்வளையத்தை அழுத்தி உரசினால் சூடேறும். தளர்ந்து நின்றால் தண்ணீர் புகும். கிரீஸும் அப்படியே. உள்ளே உள்ள காலியிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வைப்பார்கள். நிறைய அடைத்தால் குண்டுகள் அதைக் கடைந்து கடைந்து சூடாக்கிவிடும்.

மாவுத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கெடும், எஃகு துருப்பிடிக்கும், குண்டு ஓடும் பாதையில் குழி விழும். அந்தக் குழிதான் கரகரக்கிறது. எண்ணெய் குழியை அடைக்குமா? மூடியைத் தாண்டி உள்ளே போனாலும், மிச்சக் கிரீஸைக் கரைப்பதுதான் மிச்சம்.

இன்னொரு விஷயம். பேரிங் மீது விழும் பாரம் இரட்டித்தால் அதன் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். ஆகையால் பெல்ட்டை வீணை நரம்பு போல முறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள்.

சோதிக்க வேண்டுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரிப்பேர்காரரைப் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். நெருடினால் அவர் சொன்னது சரி. பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி, எண்ணைப் பாருங்கள். 6203 என்றிருந்தால் துளை 17 மில்லிமீட்டர். 6204 என்றால் 20. கூடவே '2ஆர்எஸ்' என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. 'இசட்இசட்' என்றால் தகட்டு மூடி. தகடு தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பழையதில் என்ன எண்ணோ, எந்த மூடியோ, புதியதிலும் அதுவே இருக்கட்டும்.

முக்கியமாக, தண்ணீர் எந்த வழியாகக் கசிந்தது என்று கேளுங்கள். அந்த வழியை அடைக்காமல் பேரிங்கை மட்டும் மாற்றினால், ரிப்பேர்காரரைச் சீக்கிரமே மறுபடி அழைக்க வேண்டியிருக்கும்!